அக்காவிடம் கேளுங்கள்: பிள்ளை இரவில் எங்கே படுக்கும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: நீதிமன்றத்துக்கு வரும் சிறுவர் வழக்குகளில் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள். போன இதழில், நான் நன்னடத்தை உத்தியோகத்தராக, அதாவது பிள்ளையின் நிலையைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவராக, இருந்த காலத்தைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டுவிட்டீர்கள். சரி, சீட்டுக்காசுச் சண்டையும் மாமியார் கேள்விகளும் அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்கட்டும்.

அக்கா, நான் சமூகப்பணி கடைசி வருடம். மூன்று மாதக் களப்பயிற்சிக்கு, நீதிமன்றத்துக்கு வரும் சிறுவர் வழக்குகளில் உதவும்படி போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சாளும் இதே படிப்புத்தான், அவள் ‘காசா’ என்ற அமைப்பில் பயிற்சி செய்கிறாள். அங்கே நீதிபதியே ஆளை நியமிப்பாராம், அவர் பிள்ளைக்காகக் கோட்டில் பேசுவாராம். இங்கே நான் போய் என்ன செய்வது, கோப்பு அடுக்குவதா?
— மாணவி, செங்கலடி

கோப்பும் அடுக்கத்தான் வேண்டும் தங்கச்சி. எந்தத் தாளுக்குப் பிறகு எந்தத் தாள் வந்தது என்று தெரியாதவருக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்றும் தெரியாது.

மச்சாள் சொன்னது சரிதான். 1977இல் சியாட்டில் நகரத்தில் டேவிட் சூக்கப் என்று ஒரு நீதிபதி இருந்தார். துன்புறுத்தப்பட்ட, கவனிப்பாரற்ற பிள்ளைகளின் வழக்கு அவர் மேசைக்கு வரும். பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, வேறு இடத்தில் விடுவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும், ஆனால் பிள்ளையைப் பற்றிக் கையில் இருக்கும் தகவலோ அரைப் பக்கம். அதனால் பொதுமக்களில் இருந்து தொண்டர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று நியமிக்கத் தொடங்கினார். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1974இலேயே, இப்படியான வழக்கில் பிள்ளைக்கென்று ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுவர் துன்புறுத்தலைத் தடுக்க மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் பணம் இல்லை என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. தொண்டர் சட்டத்தரணி அல்ல. கடைக்காரராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருக்கலாம். 30 மணி நேரம் அளவில் பயிற்சி எடுத்து, பிள்ளையைப் பார்த்து, பாடசாலையில் விசாரித்து, நீதிபதிக்கு அறிக்கை எழுதுவார். மச்சாள் போன்ற மாணவர்கள் பெரும்பாலும் அந்தத் தொண்டர்களை வழிநடத்தும் அலுவலர்களின் பக்கத்தில் இருந்துதான் வேலை பழகுவார்கள். அங்கே இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுநிலைக்கு 900 மணி நேரம் களத்தில் நிற்க வேண்டும்.

இங்கே அப்படி ஒரு தொண்டர் இல்லை. அந்த இடத்தில் நிற்பது நன்னடத்தை உத்தியோகத்தரும் அவருடைய அறிக்கையும். 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடித்தளம். மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கே போனாலும் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாகவும் அமரும். பிள்ளைக்குப் பராமரிப்போ பாதுகாப்போ தேவை என்று தெரிந்தால், பெற்றோரிடமே நிபந்தனையோடு விடலாம், உறவினர் போன்ற தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம், சிறுவர் இல்லத்துக்கு அனுப்பலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். எதை என்று தீர்மானிக்க நீதவானுக்கு அந்த அறிக்கை வேண்டும்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பாதையில் வழக்கு ஓடும். குற்றம் செய்தவருக்கு எதிரானது ஒன்று: பொலிஸின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு, சட்ட வைத்திய அதிகாரி, நீதவான், பிறகு சட்டமா அதிபர், மேல் நீதிமன்றம் என்று அது வருடக்கணக்கில் போகும். மற்றது, இன்றிரவு இந்தப் பிள்ளை எங்கே நித்திரை கொள்வது என்ற பாதை. உங்கள் வேலை இந்த இரண்டாவதில். முதலாவதில் மூக்கை நுழைக்கவே கூடாது, ‘மகள், என்ன நடந்தது, அக்காவிடம் சொல்லுங்கோ’ என்று தொடங்கவே கூடாது. 1999ஆம் ஆண்டின் சாட்சியச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம், பிள்ளையை முதன்முதலில் விசாரிப்பதை வீடியோவில் பதிந்து சாட்சியமாகப் பாவிக்க இடம் கொடுத்திருக்கிறது, பிள்ளை திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. நீங்கள் பாசத்தில் கேட்கும் ஒரு கேள்வி, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ‘இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்’ என்று எழும்பக் காரணமாகிவிடும். பிள்ளை தானாக ஏதும் சொன்னால் சொன்ன சொல்லிலேயே எழுதி, அன்றே பொறுப்பான உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன், வெட்கக்கேடுதான். பயிற்சிக் காலத்தில் ஒரு பிள்ளை, 9 வயது. தாய் குவைத்தில், தகப்பன் வேறு கல்யாணம் முடித்து விலகிவிட்டார். அம்மம்மாவிடம் விடலாமா என்று பார்த்து எழுத வேண்டும். பகல் 11 மணிக்குப் போனேன். முற்றம் கூட்டிச் சாணம் தெளித்திருந்தது, அம்மம்மா இளநீர் வெட்டித் தந்தா, சுவரில் பிள்ளையின் பாடசாலைச் சான்றிதழ். ‘பிள்ளை அம்மம்மாவின் பராமரிப்பில் பாதுகாப்பாக இருக்கும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். நீதவான் வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி ஒன்று கேட்டார்: “பிள்ளை இரவில் எங்கே படுக்கும்?” எனக்குத் தெரியாது. “அந்த வீட்டில் இரவில் வேறு யார் யார் படுப்பது?” அதுவும் தெரியாது. வழக்கு இரண்டு கிழமைத் தவணைக்குத் தள்ளிப்போனது. அந்த இரண்டு கிழமையும் பிள்ளை இல்லத்தில் இருந்தது, முழுக்க என் பிழையால்.

மறுகா ஒரு பின்னேரம் பொறுப்பதிகாரியோடு போனோம். வீட்டில் ஒரே ஒரு அறை. அம்மம்மா கோயில் திருவிழாக்களில் கச்சான் விற்பவ, சீசனில் இரவுகளில் வீட்டில் இல்லை. விறாந்தையில் அவவின் கடைசி மகனும் அவருடைய கூட்டாளிகளும் படுப்பார்கள். பிள்ளையின் பாய் விரிப்பது அறைக்கும் விறாந்தைக்கும் நடுவில், கதவு போடாத வாசலில். அந்தப் பொடியன்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, பாய் கிடந்த இடத்தைச் சொல்கிறேன். அப்புறம்தான் வேலிக்கு அங்கால பார்த்தோம். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே சீதனமாகப் போகும், அதனால் தாயின் சகோதரிகள் அநேகமாக ஒரே வளவுக்குள், ஒரு கிடுகு வேலி தள்ளித்தான் இருப்பார்கள். சின்னம்மா, அவவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், கதவுள்ள அறை. கடைசியில் பிள்ளை அங்கேதான் போனது. இல்லம் என்று எழுத முன்னால் வளவைச் சுற்றிப் பாருங்கள்.

எழுதும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘தகப்பன் பொறுப்பற்றவர்’ என்று எழுதாதீர்கள். ‘4ஆம், 9ஆம், 16ஆம் திகதிகளில் போனோம், மூன்று முறையும் தகப்பன் வீட்டில் இல்லை, கடலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்’ என்று எழுதுங்கள். கடலுக்குப் போன மனிதன் பொறுப்பற்றவனா, வீட்டுக்காக உழைக்கிறவனா என்பதை நீதவான் பார்த்துக்கொள்வார். பார்த்தது, கேட்டது, யார் சொன்னது, எந்த நேரம், இவ்வளவுதான். ‘வறுமையான குடும்பம்’ என்று எழுதிவிட்டுப் போகாமல் பானையில் மத்தியானச் சோறு இருந்ததா என்று பாருங்கள், ஆனால் பானையைத் திறக்க முதல் கேளுங்கள். நம் ஆட்களுக்கு அது மானப் பிரச்சினை.

எங்கள் பாடசாலைக்கு இரண்டு பயிற்சி மாணவர்கள் வந்தார்கள். நேராகத் தரம் 5 வகுப்பு வாசலுக்குப் போய், பெயரைச் சொல்லி, “கோட்டுக் கேஸ் பிள்ளை எது சேர்?” என்று கேட்டார்கள். முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. பிள்ளை அடுத்த நாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. இவர்களை யார் அனுப்புகிறார்கள்?
— ஆசிரியர், கொக்கட்டிச்சோலைப் பக்கம்

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். படுவான்கரையில் ஒரு செய்தி ஊரைச் சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பின்னேரம் வள்ளம் கரைக்கு வர முதல் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

சிறுவர் நீதிமன்ற வழக்கில் பிள்ளையை அடையாளம் காட்டும் விதமாகப் பத்திரிகையில் போடுவதைச் சட்டமே தடுக்கிறது. பாலியல் குற்றமென்றால் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி தனிக் குற்றம், 1995 திருத்தத்தோடு வந்தது. வகுப்பு வாசலில் நின்று கத்துவது அச்சில் வரவில்லை என்பதால் மட்டும் சின்ன விஷயமாகிவிடாது. சுனாமிக்குப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு அனுமதி எண்ணே பெயராகிப் போனதையும், உலகமெல்லாம் கமெராவோடு வந்து நின்றதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான்.

பயிற்சி மாணவர் பாடசாலைக்கு வரும் முறை இது: பொறுப்பான உத்தியோகத்தரின் கடிதத்தோடு அதிபரின் அறைக்கு வர வேண்டும். அதிபர் கதவைச் சாத்திவிட்டு வகுப்பாசிரியரைக் கூப்பிடுவார். வரவு இடாப்பும் மாணவர் தேர்ச்சி அறிக்கையும் மேசைக்கு வரும். பிள்ளை வர வேண்டிய தேவையே அநேகமாக இருக்காது, வர வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு ‘கொப்பி பார்க்க’ என்று கூப்பிடலாம். இனி யாராவது வாசலில் வந்து நின்றால் திருப்பி அனுப்புங்கள் சேர், முழு உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. அவர்களுடைய கற்கை நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பரீட்சைப் புள்ளி குறைந்தால்தான் சிலருக்கு உறைக்கும்.

இடாப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. வழக்குக்கு ஆசிரியர்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அந்தச் சிவப்பு மையில் போடும் ‘0’தான். ஒரு பிள்ளை திங்கட்கிழமைகளில் மட்டும் தொடர்ந்து வராமல் இருந்தது, ஆறு மாத இடாப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சனி ஞாயிறில் தகப்பன் வீட்டுக்குப் போய் வருகிற பிள்ளை அது. அந்த ஒரு பக்கத்தின் பிரதி பத்துப் பக்க அறிக்கையைவிடப் பேசியது. பிள்ளையின் உடம்பில் அடையாளம் ஏதும் கண்டால் நீங்களும் தோண்டிக் கேட்க வேண்டாம், கண்டதைத் திகதியோடு குறித்துவைத்துவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

நான் சம்மாந்துறை. அம்பாறை நகரத்தில் பயிற்சி கிடைத்திருக்கிறது. கோப்புகள் சிங்களத்தில், என் சிங்களமோ கடைச் சிங்களம். வரும் பிள்ளைகளில் தமிழ் பேசுகிற பிள்ளைகளும் உண்டு. நான் அங்கே பாரமாகத்தான் இருப்பேனா?
— மாணவர், சம்மாந்துறை

பாரமில்லை தம்பி, உங்களைத்தான் அங்கே தேவை. ஆனால் மொழிபெயர்ப்பாளராக அல்ல. கோட்டில் மொழிபெயர்ப்பைக் கேட்பது மொழி தெரியாதவருக்கு அரசியலமைப்பு கொடுத்த உரிமை, அதற்கு உரிய ஆள் வர வேண்டும். காசு மிச்சம் பிடிக்க உங்களைப் பிடித்துக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்ப்பார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள். கடைச் சிங்களத்தில் ‘எவ்வளவு, குறைக்க முடியாதா’ வரும், சாட்சியம் வராது.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. ஒரு பிள்ளை ‘சித்தப்பா’ என்று சொல்கிறது என்று வைப்போம். தகப்பனின் தம்பியா? தாயின் தங்கச்சியின் புருஷனா? தாய் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவரையும் நம் வீடுகளில் அப்படித்தானே கூப்பிடப் பழக்குகிறோம். ‘மாமா’ என்றால் இன்னும் மோசம், தாயின் அண்ணனில் இருந்து கடைக்கார முதலாளி வரைக்கும், மரக்கறி லொறிக்காரர் உட்பட, எல்லோரும் மாமா. சித்தப்பாவை உங்கள் பக்கத்துப் பிள்ளை ‘சாச்சா’ என்னும். இது சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் ஒரு மருத்துவ அறிக்கைக்குப் போய்ச் சேரும்போது யார் யாராகவோ மாறியிருப்பார்கள். வேறொரு ஆளைத் தேடிப் பொலிஸ் போன கதையும் உண்டு.

அதனால் பயிற்சியின் முதல் கிழமையிலேயே, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இருந்து (பிள்ளையிடம் இருந்து அல்ல) குடும்ப வரைபடம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள்: யார், என்ன உறவு, பிள்ளை அவரை எப்படிக் கூப்பிடும், அவர் இரவில் எந்த வீட்டில். பிள்ளை பாவிக்கும் சொல்லைத் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் விளக்கத்தை எழுதச் சொல்லி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். வாப்பா கட்டாருக்குப் போய்விட்ட வீட்டில் பிள்ளை மூத்த வாப்பாவை ‘வாப்பா’ என்றே கூப்பிடுவதும் நடக்கும், அதையெல்லாம் பக்கத்து ஊர்க்காரரால்தான் பிடிக்க முடியும்.

சிங்களம் படியுங்கள். அதற்குச் சாட்டுச் சொல்லாதீர்கள்.

என் மகளுக்குக் கோட்டில் பயிற்சி என்கிறாள். கள்ளன் காடையன் எல்லாம் நிற்கிற இடம். குமர்ப்பிள்ளை அங்கே போய் நிற்பதா? வேறு இடம் மாற்றித்தரச் சொல்லி நான் எழுதலாமா?
— தகப்பன், திருக்கோவில்

எழுதாதீர்கள் ஐயா. உங்கள் மகள் அங்கே நிற்கும்போது அவளுக்குப் பக்கத்தில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை நிற்கும், அதே கள்ளன் காடையனுக்கு நடுவில்தான், கூட வர நாதியில்லாமல்.

அங்கே அவள் செய்யப்போவதைச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு வந்து, சிறைச்சாலை பஸ் வந்து நிற்கும் வாசல் தெரியாத வாங்கு எது என்று பார்த்துப் பிள்ளையை அதில் இருத்துவாள். பிணையில் வெளியே நிற்கும் ஆள் எந்தப் பக்கத்தால் வருவான் என்று கோட்டுப் பொலிஸிடம் கேட்டு வைப்பாள். வழக்குக் கூப்பிடப் பதினொன்றரை ஆகும், பன்னிரண்டும் ஆகும், அதற்குள் பிள்ளைக்குப் பசிக்கும்; பையில் பணிஸும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கும், படம் கீறக் கொப்பி இருக்கும். நீதவானின் தனியறை எப்படி இருக்கும், உள்ளே யார் இருப்பார்கள், ‘தெரியாது’ என்று சொன்னால் அடிக்கமாட்டார்கள் என்று முன்னரே சொல்லிக்கொடுப்பாள். இதில் எந்த வேலைக்கும் சட்டத்தரணிக்கு நேரமில்லை.

பஸ் செலவும் சாப்பாடும் கையில் இருந்துதான் போகும், அதற்கு உதவுங்கள். பொழுதுபட முதல் வீடு வந்து சேர வேண்டும், வீடு பார்க்கத் தனியாகப் போகக் கூடாது, உத்தியோகத்தரோடுதான் போக வேண்டும் என்று கேட்பது நியாயம். அதை மகள் மூலமாகவே கேளுங்கள், நீங்கள் கந்தோர் வாசலுக்கு வந்து நிற்க வேண்டாம்.

என் பயிற்சி அடுத்த மாதம் 20ஆம் திகதி முடிகிறது. ஒரு பிள்ளை, இல்லத்தில் இருக்கிறாள், என் போன் நம்பர் கேட்கிறாள். “அடுத்த தவணைக்கும் நீங்கதானே வருவீங்க அக்கா” என்கிறாள். வழக்குத் தவணை 27ஆம் திகதி. நான் சும்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரவில் நித்திரை இல்லை.
— பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

தலையாட்டியது பிழை, அதை இந்தக் கிழமையே திருத்த வேண்டும். அவளுக்கு ‘வருவேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் போன ஆட்களின் பட்டியல் ஏற்கனவே நீளம், அதில் நீங்களும் சேர வேண்டாம்.

போன் நம்பர் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை. நடுச்சாமத்தில் அவள் எடுத்து நீங்கள் எடுக்காமல் விடும் ஒரு நாள் வரும், இல்லத்தில் யாருடைய போனில் இருந்து எடுத்தாள் என்று அவளுக்கு ஏச்சும் விழும்.

போகும்போது ஒரு கலண்டர் கொண்டுபோங்கள், கடைகளில் சும்மா கொடுக்கிறார்களே, அது போதும். 20இல் ஒரு வட்டம் போட்டு, “அண்டைக்குத்தான் நான் கடைசியா வாறது, என்ர படிப்பு அதோட முடியுது” என்று சொல்லுங்கள், ‘நீ செய்த எதற்காகவும் இல்லை’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் உடனே தங்களில்தான் பிழை என்று எடுத்துக்கொள்வார்கள். 27இல் இன்னொரு வட்டம், வேறு நிறத்தில். அன்றைக்கு யார் வருவார் என்று உத்தியோகத்தரிடம் கேட்டு, முடிந்தால் 20க்கு முன்னால் ஒருமுறை அவரையும் கூட்டிக்கொண்டு போய், மூன்று பேருமாக இருந்து பேசுங்கள். அழுவாள். அழட்டும், நீங்கள் எழும்பி ஓடாமல் இருங்கள்.

நித்திரை இல்லாததை உங்கள் மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைக்காதீர்கள். அப்புறம், கையளிக்கும் குறிப்பில் அவள் பணிஸின் சீனி போட்ட பக்கத்தை முதலில் தின்பாளா கடைசியில் தின்பாளா என்பது வரைக்கும் எழுதி வையுங்கள். 27ஆம் திகதி காலை எட்டரைக்கு அந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறவருக்கு அது உதவும்.